மூன்று மடங்கான புள்ளி

1943, புரட்டாசி, சனிக்கிழமை. இப்போது ஜப்பான்காரன் ஆட்சி, ஆபீஸ் தாளில் அவன் வருஷக் கணக்குப்படி 2603 என்று போடவேண்டும்.

எஸ்டேட் வரைபடத்தை மூன்று மடங்காக்கும்படி ஆபீஸ் குமாஸ்தாவான என்னிடம் சொல்லியிருந்தான் ஜப்பான் அதிகாரி. கட்டம் போட்டு, ஆபீசை மையமாக வைத்து வரைந்தேன். கிழக்கே நான்கு கட்டம் பன்னிரண்டாகும். வடக்கே ஏழு இருபத்தொன்றாகும். கட்டம் கட்டமாக வரைபவனுக்குக் கட்டம்தான் தெரியும், படம் தெரியாது. அப்படித்தான் அந்தப் பென்சில் புள்ளியையும் பெரிதாக்கி மையால் வைத்துவிட்டேன். வைத்திருந்தால் தலை போகும் என்று ஜப்பான்காரன் தடைசெய்த ரேடியோவைப் புதைத்த இடம் அது. ரப்பர் மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, இடம் மறந்துவிடக் கூடாதென்று போன வருஷம் நானே வைத்த புள்ளி. அன்று கடுகளவு, இன்று மிளகளவு.

அதிகாரி அதன்மேல் விரலை வைத்தான்.

"இது என்னான்னு கேக்குறாரு, கிராணி," என்றார் மொழிபெயர்க்க நின்ற மண்டோர், கூலிகளுக்கு மேஸ்திரி.

"கிணறு," என்று வாயில் வந்துவிட்டது.

"நல்லதாம். காலையில வந்து தண்ணி பாக்குறாராம்."

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள். "குப்பைக்குழின்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

இருட்டியதும் ரேடியோவைத் தோண்டி எடுத்து ஆற்றில் போட்டாயிற்று. அங்கே இப்போது முழங்கால் ஆழத்துக்கு ஒரு புதுக்குழி இருக்கிறது. அதைக் கிணறு என்று யார் நம்புவார்கள்?