குறிஞ்சிப்பாடிக்குப் போன நூல்

4.8.2008, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை நின்றே பயணம். ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டதிலிருந்து சிதம்பரம் ஜனம் முழுக்க இந்த ஒரு பஸ்ஸில்தான்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் மேனேஜர் கத்தல். குறிஞ்சிப்பாடி தையல் யூனிட்டிலிருந்து பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டை ஒரு மூட்டை திரும்பி வந்திருக்கிறது. ஒரே சலவை, ஓர் இஸ்திரி, தையல் ஓடிய இடமெல்லாம் சுருக்கு. துணியில் குறையில்லை. நாங்கள் அனுப்பிய பாலியஸ்டர் நூல்தான் சுருங்கியிருக்கிறது.

"இத பாஸ் பண்ணி ரிப்போர்ட் குடுத்தது யாரு?"

ரிப்போர்ட்டில் ஸ்டெல்லா கையெழுத்து. லேபில் நானும் அவளும் மட்டும்தான். மத்தியானம் அவளை மேலே கூப்பிட்டு இரண்டு மணி நேரம் விசாரணை.

அந்த நேரத்தில் அதே லாட் நூலை நானே சோதித்தேன். சின்ன எடையில் தொங்கவிட்டு 50 செ.மீ. அரை மணி கொதிநீர். காயவைத்து, மறுபடி அதே எடை. 48.2. போன மாதம் நான் குறித்தது 49.7!

அன்றைக்கு 5.10 பஸ்ஸுக்கு அவசரம். கொதித்த நூலில் பெரிய எடையை மாட்டி அளந்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பெரிய எடையைக் கொக்கியிலிருந்து கழற்றியதும் நானே, அப்போது உறைக்கவில்லை. இழுத்துப் பிடித்த நூல் சுருக்கத்தை எங்கே காட்டும்? அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். "நீ போடி, நான் கையெழுத்து போட்டுக்குறேன்" என்றவள் ஸ்டெல்லா.

5.8, செவ்வாய்

சொல்லவில்லை.

வாங்க: துவரம்பருப்பு, சோப்பு. செருப்பு வார் தைக்க.

ஸ்டெல்லா மூன்று தடவை சோதித்தாள். மூன்றிலும் 48 சொச்சம். "நாம எப்பிடிடி 49 எழுதுனோம்?" நாம என்கிறாள், பாவி. "நூல் கோன் மாறியிருக்கும்" என்றேன். வாய் கூசாமல் பொய்.

6.8, புதன்

பத்து நிமிட மழை. தரைகூட நனையவில்லை.

ஸ்டெல்லாவுக்கு மெமோ. வெள்ளிக்குள் விளக்கம் தர வேண்டும். இந்த மாதம் எங்கள் இருவருக்கும் வேலை நிரந்தரம் ஆக வேண்டியது. "அந்தப் பொண்ணுக்குக் கெடையாதாம், வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்" என்று ஆபீஸில் பேச்சு. பாத்ரூமில் நின்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். என்ன ஜென்மம் நான்!

வீட்டில் அவர், "ஏன் சாப்புடல?"

"வெயில் ஜாஸ்தி."

7.8, வியாழன்

சொல்லிவிட்டேன். 9.20, மேனேஜர் ரூம். இரண்டு எடைகளையும் மேஜைமேல் வைத்துத்தான் பேசினேன். கத்துவார் என்று பயந்தேன். "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்றார், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தேன். மெமோ இனி என் பெயருக்கு. நிரந்தரம் போன மாதிரிதான். ஆனாலும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

லேபுக்கு வந்து ஸ்டெல்லாவிடமும் நானே சொன்னேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அசடு.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழம."

"தெரிஞ்சிகிட்டே என்கூட உக்காந்து சாப்புட்டியா?"

மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு பேக்கிங் பெண்களோடு சாப்பிடப் போய்விட்டாள்.