ஜெஸ்னாவின் பீரோ

அன்பு மகன் ஜிஜோவுக்கு, உன் அப்பா சவரிமுத்து வாயால் சொல்ல, அங்கன்வாடி டீச்சர் செபமாலையம்மாள் கையால் எழுதும் கடிதம். கர்த்தர் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் மருமகள் பெர்சியும் பஹ்ரைனில் சுகம் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தால் மீதி அதிலேயே இருக்கும், எப்போதாவது படிக்கலாம்.

எஸ்டேட்டில் எனக்கு மேல் டிவிஷனில் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்த வலது கண் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கண்ணுக்காகக் கம்பம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளில்தான் மலை சரிந்து நம் தொழிலாளர் லைன் வீட்டின்மேல் இறங்கியது. இல்லாவிட்டால் நானும் உன் தம்பியோடு போயிருப்பேன். சிஜுவும் அவன் பெண்டாட்டி ஜெஸ்னாவும் மூன்றாம் நாள் ஓடையில் கிடைத்தார்கள். அவர்கள் பிள்ளை ஆன்மேரி கிடைக்கவில்லை. பதினாறு நாள் தேடிவிட்டு சர்க்கார் ஆட்கள் போய்விட்டார்கள். அடக்கத்துக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். அன்றைக்கு வியாழக்கிழமை, காலை பத்தே காலுக்குப் போன் வந்தது. எனக்கு எழுதத் தெரியாது. அதனால் எதையும் மறக்கவும் தெரியாது.

நீ அனுப்பிய ஆட்கள் போன செவ்வாய்க்கிழமை வந்தார்கள். கம்பத்துக்காரர் ஆறுமுகசாமியும் அவர் மச்சானும். இரண்டு மெட்டல் டிடெக்டரைச் சாக்கில் சுற்றி, குமுளியில் பஸ் மாறி வந்து இறங்கினார்கள். நீ அவர்களிடம் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று. பஹ்ரைனுக்குப் போகும்போது ஜெஸ்னாவிடம் பெர்சி கொடுத்து வைத்த நகை எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், கேளுங்கள் என்று. பத்து மாதத்தில் ஆன்மேரியைப் பற்றி நான் போனில் கேட்டபோது, "அதான் போயிருச்சேப்பா, நகையாவது கெடைக்கட்டும்" என்றாய். இரண்டு தடவை சொன்னாய்.

நான் அவர்களுக்குப் பால் இல்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்து, மிஷினைப் பற்றிக் கேட்டேன். ஆறுமுகசாமி நல்ல மனுஷன், ஒளிக்காமல் சொன்னார். தட்டு போல வளையம் உள்ள சின்ன மிஷினுக்கு மோதிரம், காசு என்றால் ஒரு சாண் ஆழம்தான் கேட்கும். தூக்குவாளி அளவு இருந்தால், பெரிய வளையம் மாட்டி மூன்றடி. நீளக் கம்பின் இரண்டு முனையிலும் பெட்டி வைத்த இன்னொரு மிஷின் ஆள் உயரத்துக்கு மேலேயே கேட்கும். ஆனால் பீரோ, கட்டில் போலப் பெரிய இரும்புக்குத்தான் அது வாய் திறக்கும். கொலுசு, மோதிரம் எல்லாம் அதற்குச் செவிடு. நம் செம்மண்ணில் இரும்பு கலந்திருப்பதால் அதிலும் ஓரடி குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

எலும்பைக் கேட்குமா என்று கேட்டேன். "அதுக்கு மிஷின் இல்ல பெருசு" என்றார்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ஆன்மேரி தூங்கியது எஸ்டேட் ஆஸ்பத்திரி கழித்துவிட்ட இரும்புக் கட்டிலில். நாலு பேர் தூக்கினால்தான் அசையும். சுவரும் கூரையும் ஓடைக்குப் போனாலும் அது அவ்வளவு தூரம் போயிருக்காது. கீழே வெட்டிவிட்ட சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டையில் தட்டி நின்றிருக்கும் என்று பத்து மாதமாகச் சொல்லிவந்தேன். கேட்க ஆள் இல்லை. ஏழடி மண்ணை மண்வெட்டியால் தள்ள எண்பத்தொரு வயதில் என்னால் முடியவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்தேன்.

அதனால் பொய் சொன்னேன். நகை ஜெஸ்னாவின் பீரோவில் இருந்தது, பீரோ அந்தக் கட்டைப் பக்கம்தான் உருண்டு போனது என்று. ஆறுமுகசாமிக்குச் சந்தேகம். லைன் வீட்டில் ஏது பீரோ என்று என் முன்னாலேயே உனக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். "ஆமா, பச்சைக் கலர் பீரோ, நான் வாங்கிக் குடுத்ததுதான்" என்றாய்.

ஜிஜோ, அந்த வீட்டில் பீரோவே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று தம்பி கல்யாணத்தில் மைக்கில் சொன்னாய். அதற்கப்புறம் நீ அந்த வாசலை மிதித்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

பெரிய மிஷின் கட்டைக்கு மேல்புறம் நாலு எட்டில் சத்தம் போட்டது. உன் பேரைச் சொல்லி ஆறு பேரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். இரண்டு நாள் வெட்டினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஏழாவது அடியில் கட்டில் கால் தெரிந்தது. கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடியில் ஜெஸ்னா பின்னிய சிவப்பு ஸ்வெட்டர்.

பத்து மாதம் மண்ணில் இருந்த பிள்ளை எப்படி இருந்தது என்று செபமாலையம்மாளிடம் நான் சொல்லவில்லை. ஆன்மேரியின் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அவள்.

ஆறுமுகசாமி என்னைப் பார்த்து, "பெருசு, எங்கள ஏமாத்திட்டீரே" என்றார். பிறகு உனக்குப் போன் செய்து, "சார், பீரோ இல்ல, கொழந்த கெடச்சிருக்கு" என்றார். நீ கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. "அப்ப பீரோ எங்க?"

அவர் போனை அணைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டார். போலீஸ் வந்து எழுதி முடிக்கும்வரை குழிக்குப் பக்கத்திலேயே நின்றார். மறுநாள் கோயில் கல்லறையில், தாய் தகப்பனுக்கு நடுவில் ஆன்மேரியை வைத்தோம். பெட்டியின் ஒரு பக்கத்தை அவர்தான் பிடித்தார். அது உன் இடம். பிள்ளையின் காலில் ஒரு கொலுசுதான் இருந்தது. அதைக் கழற்றவில்லை. நாலடி ஆழத்தில் இருக்கிறது. எந்த மிஷினும் அதைக் கேட்காது, அலைய வேண்டாம்.

நகை விஷயம். திருட்டுக்குப் பயந்து ஜெஸ்னா கேட்டுக்கொண்டதால், பித்தளைத் தூக்குவாளியில் போட்டு, சமையல் அடுப்புக்குக் கீழே முழங்கை ஆழத்தில் நான்தான் புதைத்தேன். மேலேதான் மலை போனது, தரை போகவில்லை. வாளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் இன்றைக்குப் பதினைந்தடி மண். உன் மிஷினுக்கு மூன்றடி. அடுப்பு எந்த இடம் என்று இப்போது அங்கே நிற்கிற எவனுக்கும் தெரியாது. குழாய்க் கம்பம் இருந்த இடத்திலிருந்து எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியும். செபமாலையம்மாளுக்குக்கூடச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துவிடும். அங்கே வெயில் கடுமை என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். அவர்களுக்கு ஆன்மேரியின் வயசு ஆனதும் அவள் பேரைச் சொல்.

தினமும் உனக்காக ஜெபிக்கிறேன். கர்த்தர் உனக்கு என் வயசைக் கொடுக்கட்டும். என் ஞாபகத்தையும் சேர்த்தே கொடுக்கட்டும்.

இப்படிக்கு, உன் அப்பா.
கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை.