மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?

செவ்வாய், இரவு

எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மேற்படிப்புக்கு எந்தத் துறை என்ற குழப்பம் இன்று தீர்ந்தது. ஹனூரிலிருந்து மைசூருக்கு ஆபரேஷனுக்கு வந்த ஒரு தமிழ் அம்மா மயக்கம் தெளிந்ததும், "கண்ணு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றார். தியேட்டரில் மற்ற எல்லோரும் கன்னடக்காரர்கள், முழித்தார்கள். "காட்டியாச்சுங்கம்மா" என்றேன். நிம்மதியாகச் சிரித்தார். மயக்க மருந்துத் துறைதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவோ என்னை இருதய டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பயந்துகொண்டே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"தூங்க வெக்கறதுக்கு எதுக்குக் கண்ணு இத்தன படிப்பு?"

"திரும்ப எழுப்போணுமில்லீங்கப்பா."

"அப்பச் செரி. ஊருக்கு நான் சொல்லிக்கறேன்."

பத்து மணிக்கே படுத்தேன். ஊரையே தூங்க வைக்கப் போகிறவளுக்குத் தூக்கம் வரவில்லை.