விரல் இல்லாத மீன்கொத்தி

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தாயும் உடலால் நலம். உள்ளத்தால் நலமா என்பது உன் விடையைப் பொறுத்தது. தொலைபேசியில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று இரண்டே சொல்லில் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறாய், ஆகவே மடல் வரைகிறேன். சென்ற ஞாயிறன்று நீ அனுப்பிய மீன்கொத்தியின் ஒளிப்படம் வந்து சேர்ந்தது. அலகில் மீன், சிறகில் நீர்த்துளி, துளிதோறும் வெயில். மலைத்துப் போனேன். இதுகாறும் நீ காட்டிய மீன்கொத்தி என்றால் அது மூழ்கியபின் குளத்தில் எஞ்சிய வளையம். மான் என்றால் புல்லுக்கு மேலே இரண்டு காது. நரி என்றால் நரி புறப்பட்டுப் போன புதர். படநிலையம் நடத்தும் செருக்கில் உன் மாமா, "அக்கா, உன் பொண்ணு புலியப் படம் புடிச்சா புலி படுத்திருந்த எடம்தான் கெடைக்கும்" என்று போன மாதம் குடும்பக் குழுவில் பேசி அனுப்பியதும், உறவினர் அத்தனை பேரும் சிரித்து வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். அந்த மாமாவே இந்த மீன்கொத்தியைக் கண்டு கைதட்டும் குறி அனுப்பினார். நான் விடுவேனா? எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் தாய் ஒருத்தியையே பேரவையாகக் கொண்டு, எள்ளியவர் நாணவும் இகழ்ந்தவர் தலைகுனியவும் எம் மகள் எடுத்தாள் பாரீர் என்று கால் மணி நேரம் முழங்கினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் நான்கு மூலையையும் பார்த்தாள். பிறகு, "அதெல்லாம் சரிங்க, விரல் எங்க?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை, அவள்தான் விளக்கினாள். ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்து மறுகையால் இலையை விலக்குவது உன் வழக்கமாம். கருவியோ தொலைவில் உள்ள பறவையைக் கைவிட்டு, அருகில் உள்ள உன் கட்டைவிரலைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளுமாம். நாங்களெல்லாம் அந்த மங்கலில் பறவையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்க, உன் தாய் விரலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளித் தேர்வுக் காலத்திலிருந்தே மனத்தில் குறை இருந்தால் நீ நகம் கடிப்பாய் அல்லவா? நகம் வளர்ந்திருந்தால் அன்று அவள் நன்றாக உறங்குவாளாம். நீ புதிய அலுவலகத்தில் சேர்ந்தபின் வந்த கொக்குப் படத்தில் (கொக்கு என்று நீ எழுதியதால் நம்புகிறேன்) நகம் சதைவரை போயிருந்ததாம். அடுத்த படத்துக்காகக் காத்திருந்தாள், வந்ததோ விரலே இல்லாத மீன்கொத்தி. "இது அவ எடுத்ததில்லங்க. தம்பி சொன்னதுக்கு ரோஷப்பட்டு யார் படத்தையோ அனுப்பியிருக்கா. அவன் கேலிய எப்பவும் சிரிச்சுத் தள்ளிட்டுப் போற பொண்ணு. இதுக்கே சுருண்டுட்டாள்னா, அங்க வேற என்னமோ நடக்குது" என்றாள். எத்தனையோ மேடைகளில் மறுப்புரை ஆற்றிய நான், மறுப்பை விட்டுவிட்டு மடல் எழுதத் தாள் தேடினேன்.

மகளே, படத்தை எடுத்தவர் யார் என்று நான் குறுக்கே வினவப் போவதில்லை. வேறொருவர் என்றால் அவருக்கு என் பாராட்டைச் சொல், என் முழக்கம் வீணாக வேண்டாம். நான் கேட்பதெல்லாம் உன்னை அங்கே வாட்டுவது எது என்பதே. மேலாளர் கடிந்து பேசுகிறாரா, வேலை பிடிபடவில்லையா, உடன் அமர்ந்து உண்ண ஆளில்லையா? எதுவாயினும் எழுது. சிறிது என்று எண்ணி மறைக்காதே. விட்டுவிட்டு வருவதாயினும் வா, ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம், மாமா கேட்டால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அறை அப்படியே இருக்கிறது, சுவரில் உன் ஆந்தைப் படமும் இருக்கிறது. அது ஆந்தை அன்று, மரக்கணு என்று நீயே பின்னர் எழுதிவிட்டாய், ஆயினும் உன் தாய் அதைக் கழற்ற ஒப்பவில்லை. வருவோரிடம் ஆந்தை என்றே சொல்கிறாள். மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் அது தம்மையே முறைப்பதாகச் சொல்லி ஏணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காலை உணவைத் தவிர்க்காதே. புதர்ப் பக்கம் போகும்போது முழுக் காலணி அணிந்து போ, தனியே போகாதே.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன், நான் எடுத்தது. பின்பக்கச் சுவரில் ஓர் அணில் அழகாக அமர்ந்திருந்தது. நான் செடியை விலக்கி, பழக்க மிகுதியால் "அன்புகூர்ந்து அமைதி காக்க" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அதன்பின் அணிலுக்கு அங்கே என்ன வேலை? சுவரும் துடைப்பமும் உன் தாயின் முழங்கையும் விழுந்திருக்கின்றன. அவள் பார்த்துவிட்டு, "பொண்ணு யாரக் கொண்டு பொறந்தான்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். இரண்டு நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

எங்கள் இருவர் வாழ்த்தும் உன்னைச் சூழ்ந்து நிற்கட்டும், நெஞ்சுரத்தோடு நீடு வாழ்க. ஒன்றை மறவாதே. இந்தப் படத்தின் மூலையில் தெளிவாகத் தெரிவது என் கட்டைவிரல். உற்றுப் பார், நகம் முழுதாக இருக்கிறது. இனி உன்னுடையதைக் காட்டு, கடித்திருந்தாலும் காட்டு. பறவை பறந்து போனால் போகட்டும்.

உன் விரலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா