நைவேத்தியத்துக்கு ஆகாத அரிசி

சிநேகிதரே,

இன்று காலை நம் அன்னதானச் சபையின் அழைப்பிதழ் ஒன்று வந்தது. வழுவழுப்பான அட்டை. பச்சை வயல், நடுவில் கைகூப்பி நிற்கும் உழவர், மேலே பொன்னெழுத்தில் ‘பசியில்லா மும்பை’. கிங்ஸ் சர்க்கிள் மண்டபத்தில் உழவரைப் போற்றும் விழாவாம். சற்று நேரத்தில் காரியதரிசியும் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, அன்னத்தோட மகிமையைப் பத்தி நீங்க பத்து நிமிஷம் பேசணும்.”

“விவசாயி யாராவது வராளா?”

“அவாளுக்கு எங்க மாமா டைம்? பேனர்ல போட்டிருக்கோமே.”

நீர் இருந்திருந்தால் சிரித்திருப்பீர். எனக்கு அருவருப்புத்தான் வந்தது. உழுதவனைத் துணியில் அச்சடித்து மாட்டிவிட்டு, அதன் கீழே நெய் வழியும் பொங்கலைத் தின்று ஏப்பம் விடப்போகும் இந்தக் கூட்டம் பசியைப் பற்றி என்ன அறியும்? ஏகாதசியன்று பலகாரத்தால் வயிற்றை நிரப்பிக்கொண்டு அதற்கு உபவாசம் என்று பெயரிட்டவர்கள் நாம்.

நீர் மட்டும் வேறு மாதிரி இருந்தீர். கல்யாண் வரை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் நடை என்று முர்பாட் மலைப்பக்கம் போய், துண்டு நிலம் வைத்திருந்த நான்கு குடும்பங்களைக் கண்டுபிடித்தீர். உரக்கடையை நம்பாமல், சாணமும் தழையும் இட்டு, அந்த மண்ணுக்குப் பழகிய சிவப்பு நெல்லை விதைக்கச் சொன்னீர். விளைந்ததைச் சபையே எடுத்துக்கொள்ளும் என்று வாக்கும் கொடுத்தீர். அந்த வாக்குக்குச் சபையில் நாங்கள் எல்லோரும் கை தூக்கியிருந்தோம்.

“நம்ம கரண்டி ஒரு வேளைக்குத்தான் ஓய். அவா வயல் நின்னா வருஷம் பூரா அடுப்பெரியும்” என்பீர்.

மூட்டைகள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நான்கு குடும்பத்தாரில் ஒருத்தியான சோனாபாய், தலைமுக்காட்டோடு, மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சபைத் தலைவர் ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்த்தார்.

“என்ன இது, செங்கல் பொடி மாதிரி? பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாம எலையில போட முடியாது. இதைப் போய்ப் பெருமாளுக்கா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சாஸ்திரம் என்ன சொல்றது?”

சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் முகத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்: “நைவேத்தியத்துக்கு ஆகாது.”

“ஓய், நம்ம பாலக்காட்டுக் கோவில்ல பாயசம் எந்த அரிசியில பண்றா? வெள்ளையா, சிவப்பா?” என்று என்னைக் கேட்டீர் நீர்.

சிவப்பு. அந்தப் பாயசத்தை உருளி வழித்துத் தின்று வளர்ந்த நாக்கு இது. அன்னம் தெய்வம் என்று நாள்தோறும் ஓதிய வாய் இது. வாயை மூடிக்கொண்டேன். வெள்ளை அரிசி, பெயர் தெரியாத ஆலையிலிருந்து, வழக்கம்போல் வந்து இறங்கியது.

நீர் மூட்டைகளை செம்பூர் திலக் நகரில் இருந்த உம் வீட்டுக்கு ஏற்றிப் போனீர். கட்டிலுக்கு அடியிலும் பூஜை அலமாரிக்கு முன்னும் மூட்டை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் படியேறி விற்றீர். “பாவம், கிறுக்கு பிடிச்சுடுத்து” என்று நம்மவர்கள் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். ஒருவர் தோள் எத்தனை வயலைச் சுமக்கும்?

அடுத்த ஆண்டு தேவ்நாரில் அன்னதானம். நான் பக்திப் பரவசத்தோடு கரண்டி பிடித்திருந்தேன். வரிசையில் நகர்ந்து வந்து தட்டை நீட்டியவள் சோனாபாய். நிலத்தை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்கு வந்துவிட்டாளாம். அன்று நான் தமிழில் சொன்ன தீர்ப்பு அவளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. என்னை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தாள்.

“செம்பூர்வாலே பாபா கைசே ஹைன்?” என்றாள். செம்பூர்ப் பெரியவர் சுகமா என்று உம்மைத்தான் கேட்டாள்.

வெள்ளைச் சோற்றை அவள் தட்டில் இட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

நீர் அப்போது படுக்கையில் இருந்தீர். மறுநாள் வந்து உம் அருகில் உட்கார்ந்து தோத்திரங்களெல்லாம் வாசித்தேன். அவளைப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. உம் உடல்நிலையை உத்தேசித்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். எங்கே பார்த்தீர் என்று நீர் கேட்டுவிடுவீரே என்ற பயம். சொல்லத் துணிவதற்குள் மழைக்காலம் உம்மைக் கொண்டுபோய்விட்டது.

இத்தனை பாட்டையும் மந்திரத்தையும் மனத்தில் சுமப்பதாகப் பெயர் எனக்கு. சுமப்பது அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். உமக்கு உரியதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சோனாபாய் உம்மை விசாரித்தாள், ஓய்.