தென்னமட்டையும் இலுப்பைத் தோப்பும்

மச்சான்,

இன்று காலை உன் வயல் வரப்பு வழியாகத்தான் பாபநாசம் பஸ்ஸுக்குப் போனேன். உன் மகன் வயல் நடுவே தென்னமட்டைகளைத் தலைகீழாக நட்டு வைத்திருக்கிறான். ராத்திரியில் ஆந்தை வந்து அதில் உட்கார்ந்து எலி பிடிக்குமாம். வேளாண்மை ஆபீசர் மைக் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாராம். நான் பார்த்தபோது ஒரு காக்கை அதில் எச்சமிட்டுக்கொண்டிருந்தது. மரத்தை வெட்டிவிட்டு மட்டையை நடுகிற ஊர்! காலை வெட்டிப் போட்டுவிட்டுக் கட்டைக்கால் இனாம் கொடுக்கிற கூட்டம்!

ஆற்றங்கரையில் ஆண்டையின் இலுப்பைத் தோப்பு எப்படி இருந்தது! நடுப்பகலில் நுழைந்தாலும் டார்ச் லைட் வேண்டும். வௌவால்கள் கிளம்பினால் கூத்தாநல்லூர் வரைக்கும் வானம் இருட்டும். கீரி, மரநாய், பொந்துக்குப் பொந்து ஆந்தை. நரி என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும். உன் தங்கைதான் சாட்சி. வெள்ளக் காலத்தில் கரையைப் பிடித்து நிறுத்தியது அந்த வேர்கள்தான், பொதுப்பணித்துறை இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட எனக்கே தெரிந்தது, படித்த ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

ஆட்சி மாறி, உச்சவரம்புச் சட்டம் வந்து, ஆண்டையின் உபரி நிலம் பிரிந்தபோது, கொடி பிடித்த உனக்குத் தோப்போடு சேர்த்துப் பட்டா கிடைத்தது. உங்கள் வம்சத்தில் முதல் சொந்த மண். மறுநாளே கோடாலியோடு நின்றாய். நிழல் விழுந்தால் பயிர் சோடை போகும் என்றாய். கரையோர வரிசையையாவது விடு, ஆந்தை இருந்தால்தான் எலிக்குப் பயம் இருக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கலெக்டரே என்னிடம் யோசனை கேட்பார் என்றும் சொன்னேன்.

"கலெக்டருக்கு வேற வேலையில்லையா மாப்ளே? கோடாலியப் புடிங்க" என்றாய். நான் பிடிக்கவில்லை. நீ ஒற்றை ஆளாக ஒரு மரம் விடாமல் சாய்த்தாய்.

அந்த முதல் சம்பாவில் கதிர் முற்றும் நேரம் எலி இறங்கியது. ஒவ்வொன்றும் பூனைக்குட்டி அளவு. ஒன்று நின்று என்னையே முறைத்தது. அரிவாள் வைத்தாற்போல் தாள்கள் சாய்ந்து கிடந்தன. களத்துக்கு வந்ததெல்லாம் பதர். நீ வெறும் வயலைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்திருந்தாய்.

நான் சும்மா இருப்பேனா? "எலி அறுத்ததுக்குக் கூலி கேக்கலியே, அதுக்குச் சந்தோஷப்படு" என்றேன்.

உனக்குக் கோபம் வரவில்லை. கரையில் வெட்டுண்டு நின்ற ஓர் அடிமரத்தைக் காட்டினாய். "அதுலதான் எங்கப்பாவக் கட்டிவச்சு ஆண்டை சவுக்கால அடிச்சான்."

என் மாமனாரை. நான் பார்த்தறியாத மனுஷரை. உன் தங்கை ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் என் வாய் அடங்கவில்லை. "அடிச்சது மரமாய்யா?"

"மரம் அடிக்கல மாப்ளே. பாத்துக்கிட்டு நின்னுச்சு."

திருவாரூர் வரைக்கும் வாயால் ஜெயித்து வந்தவன் நான். அன்று தோற்றுப்போய் வீட்டுக்கு நடந்தேன்.

இப்போதும் சொல்கிறேன், நீ செய்தது மடத்தனம். ஆண்டை யார், கூலி யார் என்று காட்டுக்குத் தெரியாது; அதை அழித்தால் எலி உன் வயலைத்தான் தின்னும், ஆண்டை பங்களாவை அல்ல. இதை மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்றும் சொல்வேன். ஆனால் மச்சான், வெயிலுக்கு எந்த மரத்தடியில் ஒதுங்கினாலும், உட்காருமுன் அடிமரத்தை ஆள் உயரத்துக்கு ஒரு முறை தடவிப் பார்த்துவிடுகிறேன், கயிறு இறுக்கிய தடம் இருக்கிறதா என்று.