நான்காம் பிரிவில் தாய் இல்லை

காஜா பெராங், மலாக்கா
12.10.1963

விஜயா,

உன் தம்பி தியாகு பிறந்திருக்கக் கூடாது என்று நீ அச்சில் எழுதியிருக்கிறாய். நீ அங்கே சீமைக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை.

நீ பார்சலில் அனுப்பிய சட்டக் கல்லூரிப் பத்திரிகையைத் தியாகுதான் எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தான். பரம்பரையாக வரும் ரத்த நோயைக் கருவிலேயே திருத்தும் காலம் வரும், அந்தத் திருத்தம் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும், நம் நாடு அதற்கு இப்போதே சட்டம் எழுதி வைக்க வேண்டும் என்று தொடங்கியிருக்கிறாய். அப்படி ஒரு வைத்தியம் வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன். ஆனால் அதுவரை இப்படிப்பட்ட குடும்பங்கள் பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டுமாம், வைத்தியம் வந்த பிறகு அதைக் கட்டாயமாகச் செய்துகொள்ள வேண்டுமாம், முடிவு செய்ய மூன்று டாக்டர்கள், ஒரு நீதிபதி. அது உன் நான்காம் பிரிவு. தாயைக் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. கீழே உதாரணம் வேறு. மலாயாவில் ஒருத்தி, காது குத்தியபோது ரத்தம் நிற்காமல் தன் தம்பி செத்ததைப் பார்த்தவள், தெரிந்தே ஒரு மகனைப் பெற்றாள் என்று. தியாகு அங்கே நிறுத்தினான். "இது நம்ம வீடும்மா. பேரு மட்டும்தான் போடல" என்றான். பிறகு சிரித்தான். "அக்கா சட்டம் பதினாறு வருஷம் முன்னாடி வந்திருந்தா எனக்கு இந்தக் கணக்குப் பரீட்சையே இல்ல."

தெரிந்தே என்று உனக்கு யார் சொன்னது? என் தம்பி செத்தது எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில். கண் பட்டுவிட்டது என்றார்கள், குத்திய ஆசாரிக்குக் கைராசி இல்லை என்றார்கள். அதை நம்பித்தான் நான் வேறு ஆசாரியைத் தேடித் தியாகுவுக்குப் பதினோராம் மாதம் காது குத்தினேன். மூன்று நாள் ரத்தம். தாய்வழியாக வரும் நோய் என்று அதற்குப் பிறகுதான் டாக்டர் சொன்னார். அந்தத் தப்பு என்னுடையது, தினமும் அவன் காதைப் பார்க்கிறேன். ஆனால் லயத்தில் யார் வயிற்றுப் பிள்ளையோடு ரப்பர் மரம் சீவப் போவது என்று வெள்ளைக்காரத் துரை எங்களைக் கேட்காமல்தான் முடிவு செய்தார். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆகிறது, நீ படித்துவிட்டு அந்தத் துரையின் நாற்காலியையே துடைத்து வைக்கிறாய். இந்த ரத்தம் உன்னிடமும் இருக்கலாம். நாளை உன்னையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

போன வாரம் வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் இடது முட்டி பப்பாளி மாதிரி வீங்கிக் கிடக்கிறது. உள்ளே ரத்தம். ஆஸ்பத்திரிக்கு வாடா, ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், அனுமதி வாங்கிப் பிறந்தவனுக்கு ஏற்றச் சொல்லு என்கிறான். அப்பா தூக்கப் பார்த்தார். கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டான். இழுத்தால் இன்னொரு இடத்தில் ரத்தம் கட்டும் என்று பயந்து அப்பா கையை விட்டுவிட்டார். உன் பத்திரிகை அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. திங்கட்கிழமை அப்பா அடித்த தந்திக்கும் இல்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, பட்டினியாகப் படிக்காதே. மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன்.

உன்னைப் பெற்ற
கமலவேணி

அவன் பிறந்திருக்க வேண்டியவன்தான் என்று ஒரே ஒரு வரி தந்தி அடி. என் பேருக்கு வேண்டாம், தியாகு பேருக்கு அடி.